முகமூடிக்காரனுக்கு ஒரு தொட்டில்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் ஹோலுக்குள் நுழைந்ததும் அப்படியே நின்றுவிடுவார்கள். டிவி இருக்கவேண்டிய சுவரோடு ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கிறது. அதன் தட்டுகள் முழுவதும் சுப்பர் ஹீரோ பொம்மைகள். மேலங்கி போட்டவர்கள், கவசம் போட்டவர்கள், செட்டை முளைத்தவர்கள், ஒற்றைக் கண்ணில் ஒளி வருகிறவர்கள் என்று எல்லாரும் வரிசையாக வாசலைப் பார்த்தபடி நிற்பார்கள். வந்தவர்கள் அவர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மகனுக்கா என்று கேட்பார்கள். இல்லை, எனக்கு என்று சொல்வேன். அதற்குப் பிறகு அவர்களுடைய முகம் மாறுகிற விதம் எனக்கு மனப்பாடம். தலையைச் சற்றுச் சரித்து, குரலைத் தணித்து, "ஓம், மனசுக்கு ஒரு ஆறுதல்தானே" என்பார்கள்.

அந்த ஆறுதல் என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்குப் பிள்ளை இல்லை. பொம்மை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இழுத்துவிட்டால் எங்கள் ஆட்களுக்கு எல்லாம் விளங்கிவிடும். என் முதல் சம்பளத்தில் நான் வாங்கியது ஒரு செட்டைக்காரனை. அப்போது எனக்குக் கல்யாணப் பேச்சே தொடங்கவில்லை. அதைச் சொன்னாலும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. கிரிக்கெட் மட்டை சேர்க்கிற ஆம்பிளையிடம் இது எதற்கு ஆறுதல் என்று ஒருவரும் கேட்பதில்லை.

கடைக்குப் போனாலும் இதே கதைதான். புறக்கோட்டையில் விளையாட்டுச் சாமான் விற்கிற ஒரு கடைக்காரர், நான் பெட்டியைக் கையில் எடுத்தவுடனேயே, "புத்தாட்டத மிஸ்?" என்று ஒருநாள் சிங்களத்தில் கேட்டார். மகனுக்கா என்று அர்த்தம். "நே, மட்ட" என்று சொன்னேன், எனக்குத்தான் என்று. அவர் சிரித்துவிட்டு, நான் வெட்கப்பட்டுப் பொய் சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, பெண் பிள்ளைகளுக்கான குசினிச் சாமான் செட் ஒன்றையும் எடுத்து முன்னால் வைத்தார். குட்டிக் கேஸ் அடுப்பு, குட்டித் தாச்சி. நல்ல மனிதர்தான். அதனால் அன்றைக்கு வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன்.

வாங்கிச் சேர்ப்பதோடு நான் நிற்பதில்லை. இணையத்தில் எனக்கு ஒரு சானல் இருக்கிறது. புதிதாக வருகிற பொம்மையைப் பெட்டியில் இருந்து எடுப்பது முதல் அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்து, நல்லதா கூடாததா என்று தமிழில் சொல்வேன். என் முகம் வராது. கைகளும் குரலும் மட்டும்தான். காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறவள் நான். என் மேலதிகாரி என்னைப் பொம்மையோடு பார்த்தால் பதவி உயர்வு கையை விட்டுப் போய்விடும் என்ற பயம் இருக்கிறது. பார்க்கிறவர்கள் பெரிய கூட்டம் இல்லை. மட்டக்களப்பில் கொஞ்சப் பேர், டொரண்டோவில் கொஞ்சப் பேர். சென்னையில் இருந்து பார்க்கிறவர்கள் என் தமிழைக் கேட்பதற்காகவே வருகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். அழகான என்று சொல்லாமல் எங்கள் வழக்கில் நான் "வடிவான முழங்கால்" என்று சொன்ன வீடியோவின் கீழே ஒரு வாரம் கும்மாளம் போட்டார்கள்.

எனக்கென்று ஒரு பாணி உண்டு. நான் பொம்மையைப் பற்றிப் பேசுவதில்லை, பொம்மையோடு பேசுவேன். தலை திரும்புகிறதா, தோள் சுழல்கிறதா, முழங்கை எவ்வளவு மடிகிறது, தாங்கி இல்லாமல் சொந்தக் காலில் நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கும்போது, "எங்க, கையைத் தூக்குங்கோ பாப்பம். ஆ, கெட்டிக்காரன். இனி நில்லுங்கோ, விழக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே செய்வேன். தொடக்கத்தில் வாய் தவறி வந்தது, பார்க்கிறவர்களுக்குப் பிடித்துப்போனதால் அப்படியே நிலைத்துவிட்டது.

ஒலிப்பதிவுதான் பெரிய பாடு. எங்கள் ஒழுங்கையின் ஒரு முனையில் காலி வீதி, மறுமுனையில் ரயில் பாதையும் கடலும். பின்னேரம் நான் அலுவலகத்தால் வந்து கமராவைத் தாங்கியில் பூட்டுகிற நேரத்தில்தான் பேக்கரிப் பாண் விற்கிறவரின் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும். அதனால் ஜன்னலை அடைத்து, அறைக் கதவைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிடுவேன். மின்விசிறி ஓடினால் சத்தம் ஒருபக்கம், துணி மேலங்கி போட்டவர்கள் காற்றுக்கு விழுந்துவிடுவது மறுபக்கம். கொழும்புப் புழுக்கத்தில், இரண்டு விளக்கின் வெக்கையில், முக்கால் மணித்தியாலம் இருந்துவிட்டு வெளியே வரும்போது முகமெல்லாம் சிவந்து, கண் எரிந்து, கழுத்து வரைக்கும் நனைந்திருக்கும். நேரே குளியலறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு துவாயோடு வருவேன்.

இந்த நேரத்தில்தான் மாமி, என் கணவரின் அம்மா, எங்களோடு வந்து இருந்தார். மாமா இறந்த பிறகு கொட்டாஞ்சேனை வீட்டில் அவரைத் தனியே விட எங்களுக்கு மனம் வரவில்லை. கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த நாள் முதல் அவர் இருந்தது கொட்டாஞ்சேனையில்தான். தெருக்கதவைத் திறந்தால் நாலு பேரோடு கதைக்கலாம். இங்கே லிஃப்டுக்குள் சந்திக்கிறவர்கள் எல்லாரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பது அவருடைய ஒரே முறைப்பாடு. வெள்ளவத்தையில் கோயிலுக்கா பஞ்சம்? ஆனாலும் வெள்ளிக்கிழமை விடிந்தால் இரண்டு பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் போய்த்தான் கும்பிடுவார். மற்ற நாட்களில் நான் வேலைக்குப் போனதும் அலுமாரிக் கண்ணாடியைத் துடைத்து வைப்பார். பொம்மைகளைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. வந்து இத்தனை காலத்தில் ஆறுதல் என்று சொல்லாத ஒரே சொந்தக்காரர் அவர்தான். அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

அவரிடம் நாங்கள் மறைத்துக்கொண்டிருந்த விஷயம் ஒன்று இருந்தது. பிள்ளைக்காகப் பல வருடமாக மருத்துவம் செய்துகொண்டிருந்த நாங்கள், மாமி வந்த சில மாதங்களில் அதை நிறுத்திவிட்டோம். நானும் என் கணவரும் கல்கிசைக் கடற்கரையில் இருந்து கதைத்து, இனிப் போதும் என்று முடிவெடுத்துவிட்டு, ஆளுக்கொரு பிளேன் டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். எங்களுக்கு அது ஒரு நிம்மதியாகத்தான் இருந்தது. மாமியிடம் சொல்வதுதான் கழுத்துக்கு வந்த வேலை. புருஷனை இழந்த மனுஷி, ஒரே மகன். கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால், எங்களை முந்திக்கொண்டு, "கடவுள் தருவார்" என்று சொல்லி அந்தப் பேச்சை அடைத்துவிடுவார். கடவுளும் தரப்போவதில்லை என்று எந்த வாயால் சொல்வது? "நீர் சொன்னால் அம்மா தாங்குவா" என்பார் இவர். "உங்கட அம்மாதானே, நீங்களே சொல்லுங்கோ" என்பேன் நான். இப்படியே தள்ளிப்போட்டு ஒரு வருடம் ஓடிவிட்டது.

அந்தச் சமயத்தில் லண்டனில் இருக்கிற அக்கா எனக்கு ஒரு பெட்டி அனுப்பினாள். இரண்டு பேர் சேர்ந்த செட். கவசம் போட்ட பெரிய வீரன் ஒருவன். அவனோடு கூடப் போகிற குட்டி உதவியாள் ஒருவன். குட்டிக்கு என் உள்ளங்கை அளவுதான் உயரம். செம்மஞ்சள் முகமூடி, நீலச் சப்பாத்து, உடம்புக்குச் சற்றே பெரிய தலை. ஒரு வாரம் பெரியவனைப் பற்றி வீடியோ போட்டுவிட்டு, அடுத்த வாரம் சின்னவர் வருவார் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன்.

சின்னவனுடைய வலத் தோள் இறுகிப்போயிருந்தது. பூசின வண்ணம் மூட்டுக்குள் ஊறி ஒட்டிக்கொள்வதால் புதிய பொம்மைகளுக்கு இப்படி வரும். பலாத்காரமாகத் திருப்பினால் கை கழன்று உங்கள் விரலோடு வந்துவிடும். சுடுதண்ணியில் கொஞ்ச நேரம் வைத்தால் பிளாஸ்டிக் இளகிக் கொடுக்கும். அதையும் படம் பிடித்தேன். ஒரு பேணியில் சுடுதண்ணி எடுத்து, அவனை மெல்ல இறக்கி, "கொஞ்சம் பொறுங்கோ ராசா, நோகாது, இந்தா முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து கதவைத் திறந்தபோது, வாசலில் ஒரு ஸ்டூலின் மேல் தேத்தண்ணி ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. எனக்குத் தொந்தரவு தரக்கூடாது என்று மாமி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். எவ்வளவு இங்கிதமான மாமி என்று பெருமையாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம், மிச்சத்தைப் பதிவுசெய்யலாம் என்று உட்கார்ந்தால், பெரியவன் மேசையில் தனியே நிற்கிறான். சின்னவனைக் காணவில்லை. மேசைக்குக் கீழே, கட்டிலுக்குக் கீழே, குப்பை வாளிக்குள், தோய்க்கப் போட்ட உடுப்புக்குள் எல்லாம் தேடினேன். ஃப்ரிஜ்ஜுக்கு அடியில் தடியை விட்டுத் துழாவினேன். இவர் வேலையால் வந்ததும் வராததுமாக அவரைப் பிடித்து உலுப்பினேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, தன் மேல் சத்தியமாகத் தெரியாது என்றார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கிற சாதி. குரல் உயர்ந்துவிட்டது.

குசினியில் இருந்து மாமி வந்தார். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தார்.

"நான்தான் எடுத்தனான் பிள்ளை" என்றார். "கோயில்ல இருக்கு. தொட்டில்ல வைச்சுக் கட்டியிருக்கு."

கொட்டாஞ்சேனைக் கோயிலின் பின்வீதியில் ஒரு மரம் நிற்கிறது. பிள்ளை வேண்டி நேருகிறவர்கள் மஞ்சள் துணியில் சின்னத் தொட்டில் செய்து, உள்ளே ஒரு பொம்மையை வைத்து, அந்தக் கிளைகளில் கட்டிவிடுவார்கள். என்னுடைய மதிப்புரைக்குக் காத்திருந்த வீரன், முகமூடியோடும் சப்பாத்தோடும் அந்த மரத்தில் தொங்குகிறான். மாமி திரும்பிக் குசினிக்குள் போய்விட்டார். நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவரைப் பார்த்தார். பொம்மை போனது போகட்டும், இனித் தள்ளிப்போட முடியாது என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது. நடக்கப்போகாத ஒன்றுக்காக அந்த மனுஷியை இன்னொரு வெள்ளிக்கிழமை பஸ் ஏறவிடுவது பாவம்.

மறுநாள் காலை, மாமியைக் கூட்டிக்கொண்டு நானே போனேன். இவரும் வருவதாகத்தான் சொன்னார். வேண்டாம், பெண்கள் இரண்டு பேரும் கதைத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டேன். வழி முழுக்க ஓட்டோவுக்குள் நான் வசனத்தைக் கட்டிக் கட்டிக் குலைத்துக்கொண்டிருந்தேன். வைத்தியர் சொன்னதில் இருந்து தொடங்குவதா, எங்கள் முடிவில் இருந்து தொடங்குவதா என்று தீரவில்லை. மாமி பையை மடியில் வைத்துக்கொண்டு புறக்கோட்டை நெரிசலைப் பார்த்தபடி வந்தார். பொம்மையை எடுத்ததற்கு மன்னிப்பும் கேட்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. அது எனக்கு ஒருபக்கம் எரிச்சலாகவும் இருந்தது. கேட்டிருந்தால் கடையில் ஒரு மரப்பொம்மை வாங்கிக் கொடுத்திருப்பேனே என்றும் நினைத்தேன்.

மரத்தடியில் சனம் இல்லை. வெயிலில் நிறம் போன பழைய தொட்டில்களுக்கு நடுவே ஒன்று மட்டும் புது மஞ்சளாக இருந்தது. துணியின் விளிம்புக்கு மேலே செம்மஞ்சள் முகமூடி தெரிந்தது. மாமி அவனைத் துணியால் இடுப்பு வரை போர்த்தி, நெற்றியில் விபூதியும் பூசிவிட்டிருந்தார். பக்கத்துத் தொட்டில்களில் எல்லாம் கண் மூடின பிள்ளைப் பொம்மைகள். இவன் ஒருவன்தான் முஷ்டியை இறுக்கிக்கொண்டு சண்டைக்கு நின்றான். சிரிப்பு வந்தது. சொல்ல வந்ததை நினைத்ததும் அது அடங்கிப்போய்விட்டது.

மதில் ஓரத்துச் சிமெந்துக் கட்டின் மேல் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். கட்டி வைத்த வசனம் ஒன்றும் நினைவில் இல்லை.

"மாமி, நாங்கள் மருத்துவத்தை நிப்பாட்டியிட்டம். இனிப் பிள்ளை இல்லை. உங்களுக்கு முந்தியே சொல்லியிருக்கவேணும்."

மாமியின் முகத்தில் நான் பயந்த எதுவும் வரவில்லை. அவர் தொட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்குத் தெரியும் என்றார். ஃப்ரிஜ்ஜில் பால் பக்கெற்றுக்குப் பக்கத்தில் இருந்த, நான் போடுகிற ஊசிமருந்துப் பெட்டி இல்லாமல் போன அன்றைக்கே விளங்கிவிட்டதாம். நாங்களாகச் சொல்லும்வரை கேட்பது சரியில்லை என்று இருந்துவிட்டாராம். கல்யாண வீடுகளில் கடவுள் தருவார் என்று சொன்னது, மற்றவர்கள் எங்களை நோண்டாமல் இருப்பதற்காம். ஒரு வருடமாக நாங்கள் பொத்திப்பொத்தி வைத்ததை, அந்த மனுஷி எங்களுக்காக எங்களைவிட நன்றாகப் பொத்தி வைத்திருக்கிறார்.

அப்படியென்றால் தொட்டில் எதற்கு என்று கேட்டேன்.

மாமி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். பிறகு மெல்ல மெல்லச் சொன்னதில் எனக்கு விளங்கியது இதுதான். நான் பின்னேரம் பின்னேரம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறேன். ஜன்னலை அடைக்கிறேன், மின்விசிறியையும் நிறுத்துகிறேன். உள்ளே இருந்து என் குரல் கேட்கிறது. கையைத் தூக்குங்கோ என்கிறேன், கெட்டிக்காரன் என்கிறேன், விழக்கூடாது என்கிறேன். பிறகு கண் சிவந்து, முகம் நனைந்து வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் குளியலறைக்குப் போகிறேன். அன்றைக்கு ஒருநாள் தேத்தண்ணியோடு வந்தவர், கொஞ்சம் பொறுங்கோ ராசா, நோகாது என்று நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, கோப்பையை ஸ்டூலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மகனிடம் சொன்னால் அவன் உடைந்துபோவான், வைத்தியரிடம் கூட்டிப்போ என்றால் என் பெயர் கெட்டுப்போகும் என்று நினைத்து, ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

நான் வீடியோ போடுகிறேன் என்பதே அவருக்குத் தெரியாது. அம்மாவுக்கு நான் சொல்லியிருப்பேன் என்று இவரும், இவர் சொல்லியிருப்பார் என்று நானும் இருந்திருக்கிறோம்.

எனக்கு வாய்விட்டுச் சிரிக்கவேண்டும் போல இருந்தது. ஃபோனை எடுத்து, பெரிய வீரனின் வீடியோவைப் போட்டு மாமியின் கையில் கொடுத்தேன். அவர் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். என் கை, என் வளையல், என் குரல். கீழே டொரண்டோவில் இருந்து ஒருவர் கைதட்டிப் போட்டிருந்தார். இது ஒரு வேலை மாதிரி மாமி, என்று விளக்கினேன். அறைக்குள் நான் பேசுவது ஊர் உலகத்தோடு, முகத்தில் இருப்பது வேர்வை, கண் சிவப்பது விளக்கு வெக்கைக்கு என்றேன். மாமி முழுவதும் பார்த்து முடித்தார். பெரியவன் சொந்தக் காலில் நின்றபோது அவருடைய தலையும் மெல்ல ஆடியது. ஃபோனைத் திருப்பித் தந்தார்.

"அப்ப நீ அழேல்லையோ?"

"இல்லை மாமி."

"ஒருநாளும் அழேல்லையோ?"

இல்லை என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். உண்மையும் அதுதான். ஒவ்வொரு முறையும் வைத்தியசாலையில் இருந்து வந்து அடுத்த நாள் வேலைக்குப் போனேன். கல்கிசையில் இருந்து வந்த அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பம் வாங்கி வந்தேன். கேட்டவர்கள் எல்லாரும் அழுதிருப்பாள் என்று தாங்களாகவே முடிவுகட்டிக்கொண்டு ஆறுதல் சொன்னார்கள். அவர்களுக்கு அந்த வெற்றியைக் கொடுக்கக்கூடாது என்ற வீம்பிலேயே நான் நிமிர்ந்து நின்றிருக்கிறேன். அழுதாயா என்று, பதில் தெரியாமல், தெரிந்துகொள்வதற்காக ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. கோயில் பின்வீதியில், மாமியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதேன். பொம்மைக்காக இல்லை. பல வருடம் காத்திருந்து வராமலே போன ஒரு பிள்ளைக்காக அழுதேன். மாமி என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அழாதே என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவரும் அழுதார்.

நான் ஓய்ந்து மூக்கைத் துடைத்த பிறகு மாமி எழுந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தடிக்குப் போனார். புதுத் தொட்டிலின் கயிற்றில் கைவைத்தார். நேர்ந்து கட்டினதை இடையில் எடுக்கக்கூடாதே, அது குற்றமில்லையா, இருக்கட்டும் விடுங்கோ மாமி என்றேன். பொம்மை போனாலும் பரவாயில்லை என்று அப்போது மனதாரத்தான் சொன்னேன்.

"இடையிலை இல்லைப் பிள்ளை. கேட்டது கிடைச்சிட்டுது" என்றார் மாமி. "நான் பிள்ளை வேணுமெண்டு கேக்கேல்லை. எனக்கு நேரத் தெரிஞ்சது இந்தத் தொட்டில் ஒண்டுதான், அதாலை கட்டினனான். நீ கதவைச் சாத்திப்போட்டுத் தனிய அழாமல், என்னட்டை வந்து அழவேணும் எண்டுதான் கேட்டனான்."

முடிச்சு இறுகிப்போயிருந்தது. இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் அவிழ்த்தோம்.